தண்ணீரோடு நின்ற தொட்டியில் ஒரு துளை

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்து, கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தேன். மெல்லிய ஓடையாகப் படி இறங்கி, குரோட்டன்ஸ் செடிகளைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போனது. குழாய்த் தண்ணீர் இல்லை. லேசான பாசி வாசனை அடித்தது.

உள்ளே என் கணவர் ஹாலில் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். சக்கர நாற்காலி அவருக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. தரை முழுக்க ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். மீன் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கீழே அலமாரிக்குள் பம்பு உறுமியது.

அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "வேணாம்" என்றார்.

ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டுத்தான் அவரைத் தொட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். இடது கை அவர் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே கை அது.

சென்ற வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நாட்களைப் பற்றி எழுதும்போது, "அவருக்கு உடம்பு முடியாமல் போனது" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். சிலர் அதைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ஒரு வரிக்குள் இருந்ததில் கொஞ்சத்தை இன்று சொல்கிறேன்.

மிச்சமிருந்த சொல்

தயாளன் என்பது அவர் பெயர். பெங்களூரில் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லும் வேலை. வீட்டிலும் அப்படித்தான். அலமாரிக் கதவு சரியாக மூடாவிட்டால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போவார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஒரு காலை நேரம், ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. நாங்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது என்றார் டாக்டர். சில பேருக்கு ஒரு சொல், இரண்டு சொல் தங்கிவிடுமாம். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வருமாம்.

இவருக்குத் தங்கியது "வேணாம்."

காபியை நீட்டினால் கையை நீட்டி வாங்கிக்கொண்டே "வேணாம்" என்பார். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் மகள் கவிதா போன் செய்தால், ரிசீவரைக் காதில் வைத்ததும் முகம் மலர்ந்து "வேணாம், வேணாம்" என்பார். தலையசைப்பையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடும். அது தவறு என்று அவருக்கே தெரிந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

நான் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்கு டிரங்கால் போட்டுக் கொடுத்த காலத்தில், லைன் சரியாக விழுந்ததா என்று கொஞ்ச நேரம் நாங்களும் கேட்டுப் பார்ப்போம். அந்தப் பக்கம் இரைச்சல், இந்தப் பக்கம் இரைச்சல். "கேக்குதா? கேக்குதா?" என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல் மூன்று நிமிஷமும் தீர்ந்துபோன அழைப்புகள் உண்டு. அப்படியும் பேசியவர்கள் போனை வைத்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். குரல் வந்ததே, ஆள் இருக்கிறாரே என்ற நிம்மதி.

என் வீட்டில் அது எனக்குப் போதவில்லை. ஆள் இருக்கிறார், குரலும் இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

தொட்டியும் வளைந்த குழாயும்

மர்பி டவுனில் எங்கள் வீட்டு ஹால் சின்னது. அதில் ஒரு சுவர் நீளத்துக்கு அந்தத் தொட்டி. ஆறடி இருக்கும். கடைத்தெருவில் பழைய ஷோரூம் ஒன்றை இடித்தபோது தடித்த கண்ணாடிப் பலகைகளை வாங்கி வந்து அவரே ஒட்டிச் செய்தது. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தவை, கறுப்பில் நெருப்பு நிறக் கோடுகள். ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். அவர் உள்ளே வந்தால் கண்ணாடி ஓரமாகக் கூடவே நீந்தும். நான் வந்தால் திரும்பிப் பார்க்காது.

ஆஸ்கர் நிறையத் தின்னும், நிறையக் கழியும். சின்ன ஃபில்டர் தாங்காது. அதனால் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி வைத்திருந்தார். மேல்தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே வந்து, ஸ்பாஞ்சிலும் சரளைக் கல்லிலும் புகுந்து சுத்தமாகும். பம்பு அதை மறுபடி மேலே ஏற்றும்.

கீழே வரும் குழாயில்தான் சிக்கல். தொட்டியில் துளை கிடையாது. விளிம்பைத் தாண்டி வளைத்து மாட்டிய குழாய் அது. அதற்குள் தண்ணீர் நிரம்பியிருக்கும்வரை வேலை செய்யும். கரண்ட் போனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். கரண்ட் வந்ததும் பம்பு பாட்டுக்கு மேலே ஏற்றும். கீழே இறங்க வழியிருக்காது. வழியும்.

அப்போது பெங்களூரில் கரண்ட் போகாத நாள் அபூர்வம். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்துபோய்க் குழாயை வாயால் உறிஞ்சிச் சரி செய்வார். "ஓட்டை போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்ல" என்பார். தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியது. நிரப்பிய பிறகு, மீன் வளர்ந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அப்புறம் அவரால் எழுந்திருக்க முடியாமல் போனது.

பக்கவாதத்துக்குப் பிறகு பிலோமினா என்ற பெண் பகலில் அவரைப் பார்த்துக்கொண்டாள். ஜீவனஹள்ளியிலிருந்து வருவாள். குழாயைச் சரி செய்ய அவளும் கற்றுக்கொண்டாள். அவள் கிளம்பி நான் வந்து சேரும் இடைவெளியில், அன்றைக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது. தண்ணீர் வழிவதைப் பார்த்து, பம்பின் சுவிட்சை அணைக்க நாற்காலியிலிருந்து எழ முயன்றிருக்கிறார்.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள்.

கவிதாவின் கேள்வி

கவிதா மறுநாளே வந்துவிட்டாள். அப்பா தூங்கும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, நீயும் வேலைக்குப் போற. அப்பா தனியா இருக்கார். வயரு, தண்ணி எல்லாம் தரையில. அன்னிக்கு ஷாக் அடிச்சிருந்தா?"

"அடிக்கலையே."

"அடுத்த தடவை? அப்பா முக்கியமா, மீன் முக்கியமா?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தத் தொட்டிமேல் பெரிய பாசம் கிடையாது. ஹாலில் பாதியை அது எடுத்துக்கொண்டதே என்று அலுத்துக்கொண்டவள்தான். சிவாஜி நகரில் ஒரு மீன் கடைக்காரரிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மீன்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கவிதா நிம்மதியாக ஊருக்குப் போனாள்.

பிலோமினாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துருங்கக்கா. நல்லதுதான்" என்றாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ஆனா அண்ணாவுக்கு வேற வேலை இல்லயேக்கா" என்றாள்.

"என்ன வேலை?"

"நீங்க ஆபீஸ் போனதும் அவரு ஒரு கையால மீனுக்குத் தீனி போடுவாரு. ஒவ்வொண்ணா. ஒண்ணு தின்னப்புறம்தான் அடுத்தது. கண்ணாடி தொடைப்பாரு. சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்புவாரு. கட்டு போட்டதுலேருந்து செவுத்தப் பாத்து ஒக்காந்துருக்காரு."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் இருக்கும் நேரத்தில் அவரைக் குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், படுக்க வைப்பேன். பகலில் அவர் என்ன செய்கிறார் என்று யோசித்ததே இல்லை. ஒன்றும் செய்வதற்கில்லாத மனிதர் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கடைக்காரரை வர வேண்டாம் என்று சொன்னேன். பம்பை நிறுத்தி வைத்து, நானும் பிலோமினாவும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வரும் நாளில் முதல் வாளிகள் மீனுக்கு. அப்படியும் தண்ணீர் கலங்கிப்போய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

இரண்டு தட்டுகள்

கண்ணாடியில் துளை போடும் ஆள் ஒருவர் கிடைத்தார். இம்தியாஸ் என்று பெயர். கண்ணாடிக் கதவுகளுக்கும் மேஜைகளுக்கும் துளை போடுகிறவர். வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"காலி தொட்டின்னா போடுவேன் மேடம். தண்ணி நிக்கிற தொட்டிக்கு நான் போட்டதில்ல."

"காலி பண்ணி நகர்த்தினா ஒட்டு விட்டுரும்னு சொல்றாங்களே."

"அது நெசம். இவ்ளோ வருஷம் நின்னது, அசைச்சா போயிடும்." பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினார். "இது வெட்டின கண்ணாடியா, கடையிலேருந்து வந்த பலகைய அப்படியே வெச்சதா? வெட்டினதுன்னா சாதாரணக் கண்ணாடி; அப்படியே வெச்சதுன்னா டஃபண்டா இருக்கலாம், அத வெட்ட முடியாது. கார் ஜன்னல் கண்ணாடி ஜாதி. அதுல டிரில் பிட்டு பட்டா பொடிப்பொடியாப் போயிடும். தண்ணி, மீன், எல்லாம் ஹால்ல. அது மட்டும் தெரிஞ்சுட்டா சரி, பராபர், வர்றேன்."

"அவருக்குத்தான் தெரியும்."

இம்தியாஸ் அவரைப் பார்த்தார். "சாப், வெட்டினதா?"

"வேணாம்" என்றார் இவர். தலை ஆடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

இம்தியாஸ் என்னைப் பார்த்தார். நான் பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னேன்.

மாவுக்கட்டு பிரித்த நாள்வரை காத்திருந்தேன். கை மெலிந்து, தோல் வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையால் தொட்டிப் பக்கம் காட்டினார். நாற்காலியை அங்கே தள்ளி நிறுத்தினேன். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். இரண்டில் பெரிய மீன் அடியிலிருந்து எழுந்து வந்தது.

அல்சூர் ஏரிப் பக்கம் சாலையோரத்தில் கார் ஜன்னல் கண்ணாடி உடைந்து கல்கண்டு மாதிரி சிதறிக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதில் ஒரு கைப்பிடியைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டேன். வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. சாயங்காலம், ஒரு தட்டில் அந்தத் துகள்கள், இன்னொரு தட்டில் கூரான அந்தத் துண்டு. இரண்டையும் அவர் மடியில் வைத்தேன்.

"ஏங்க, இந்தப் பக்கக் கண்ணாடி ஒடைஞ்சா எப்படி ஒடையும்? இப்படியா, இப்படியா?"

இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் கூரான துண்டை எடுத்து, தொட்டியின் கண்ணாடிமேல் தட்டையாக வைத்துப் பிடித்தார்.

கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தாரோ என்று தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். மறுபடி அதே துண்டுதான். மனசு கேட்காமல் மூன்றாம் தடவையும் கேட்டேன். கார் கண்ணாடித் தட்டை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். துகள்கள் ஹால் முழுக்க ஓடின.

ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கோபத்தை நான் பார்த்ததே இல்லை. துகள்களைப் பெருக்கி எடுத்துவிட்டு, இம்தியாஸை வரச் சொல்லி அனுப்பினேன்.

பாதியில் போன கரண்ட்

இம்தியாஸ் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். முதலிலேயே சொன்னார்: "ஒடைஞ்சா பழி என் பேர்ல வரக் கூடாது மேடம்."

"வராது."

தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்கினோம். இரண்டு ஆஸ்கரும் பயத்தில் அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டன. செத்துவிட்டன என்றே நினைத்தேன். செவுள் அசைந்தது.

ஜன்னலோரப் பக்கக் கண்ணாடியில், மேல்விளிம்பிலிருந்து நான்கு விரல்கடை கீழே, இம்தியாஸ் டேப் ஒட்டி வட்டம் போட்டார். என் கையில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, உள்பக்கமிருந்து அதே இடத்தில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஸ்டூலில் ஏறி, கையைத் தொட்டிக்குள் விட்டு நின்றேன். பிலோமினா பூவாளியிலிருந்து சன்னமாகத் தண்ணீர் விட்டாள். டிரில்லுக்கும் இம்தியாஸ் கைக்கும் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது.

பிட் கண்ணாடியைத் தொட்டபோது என் எலும்புவரை அதிர்ந்தது. கண்ணாடித் தூள் கலந்த தண்ணீர் வெள்ளையாகப் பால் போல வழிந்தது. இம்தியாஸ் கொஞ்சம் போடுவார், எடுப்பார், பார்ப்பார். இவர் நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தார். பார்வை அந்த வட்டத்தை விட்டு விலகவில்லை.

பாதி ஆழம் போயிருக்கும். கரண்ட் போய்விட்டது.

இம்தியாஸ் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார். பிலோமினா பூவாளியை நிரப்பப் போனாள். கண்ணாடியில் வெட்டுப்பட்ட வளையத்தோடு நானும் அவரும் மிஞ்சினோம்.

அவர் கையை நீட்டினார். நாற்காலியைக் கிட்டே தள்ளினேன். ஆள்காட்டி விரலை வளையத்துக்குள் வைத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனார். மேல்பக்கம் வந்ததும் நின்றது விரல். மறுபடி சுற்றினார். மறுபடி அங்கேயே நின்றது. பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

"வேணாம்" என்றார்.

தடவிப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் பள்ளம் அதிகம்.

இம்தியாஸ் வந்ததும் சொன்னேன். அவர் ஈர்க்குச்சியை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா. டிரில் சாய்ஞ்சிருக்கு. இப்படியே போயிருந்தா ஒரு பக்கம் மட்டும் மொதல்ல தொறந்து, விரிசல் விட்டிருக்கும்." இவரிடம் திரும்பி, "சாப், நீங்க பாத்துட்டு இருங்க. சாய்ஞ்சா கைகாட்டுங்க" என்றார்.

கரண்ட் வந்தது. அதன்பிறகு இவர் கைகாட்டுவார், இம்தியாஸ் நிமிர்த்துவார். உள்ளங்கையை லேசாகத் தாழ்த்துவார், உயர்த்துவார். பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் அவர் சொன்னதைக் கேட்டு வேலை செய்தார். தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், தொழிற்சாலையில் எடுத்த பழைய போட்டோவில் இருந்ததுபோல.

கடைசியில் என் பலகை சூடாவது தெரிந்தது. திடீரென்று அவர் உரக்க, "வேணாம்" என்றார். கை அசையவில்லை. இம்தியாஸ் என்னைப் பார்த்தார். நிறுத்து என்கிறாரா, போடு என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

இம்தியாஸ் அழுத்தத்தை எடுத்துவிட்டு, டிரில்லின் கனத்தை மட்டும் விட்டு, தொட்டும் தொடாமலும் சுற்றினார். ஒரு சின்ன நொறுங்கல் சத்தம். வட்டக் கண்ணாடி என் பலகைமேல் சாய்ந்தது.

உள்விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. விரிசல் இல்லை. ரப்பர் வாஷர் அதை மறைத்துவிடும் என்றார் இம்தியாஸ். குழாயை மாட்டி முடித்து, தண்ணீர் ஏறும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டில் சின்ன ஆஸ்கர் பிழைக்கவில்லை. இரண்டு நாள் ஒருக்களித்தே கிடந்து செத்துப்போனது. அதிர்ச்சியா, கலங்கிய தண்ணீரா, தெரியாது. பிலோமினா செடிகளுக்கு அடியில் புதைத்தாள். அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை

அதற்கப்புறம் முதன்முதலாகக் கரண்ட் போனது ஒரு ஞாயிறு மத்தியானம். நான் சமையலறையில் இருந்தேன். ஃபேன் சத்தம் நின்றதும் பழைய புடவைகளை அள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். தரையில் விரித்துவிட்டு நின்றேன்.

மேல்தொட்டித் தண்ணீர் துளையின் மட்டம்வரை இறங்கி, குழாயில் ஒரு களுக் சத்தத்தோடு நின்றது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

பிறகு கரண்ட் வந்தது. பம்பு உறுமியது. மேலே தண்ணீர் ஏறி, துளையைத் தொட்டு, தானாக அதில் புகுந்து இறங்க ஆரம்பித்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. புடவைகளை மடித்தேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நல்ல காலை நீட்டி, பக்கத்தில் கிடந்த பிரம்பு மோடாவை என் பக்கம் தள்ளினார். கொஞ்சம்தான் நகர்ந்தது. மறுபடி தள்ளினார்.

அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து, அவர் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன், குனிந்திருக்கிறேன், தூக்கியிருக்கிறேன். உட்கார்ந்ததாக நினைவில்லை.

மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெரிய மீன் கண்ணாடி ஓரமாக வந்து எங்கள் இருவரையும் பார்த்தது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.